இருபது கொட்டையா, முதல் சொத்தை வரையா?

நெல்லிக்குப்பம் தாண்டிப் பண்ருட்டி போகிற ரோட்டில் என் மாமாவுக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முந்திரி சீசனில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து கொட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மாமா வாங்கி, உடைக்கிறவர்களுக்குக் கைமாற்றி விடுவார். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் காலேஜ் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுக்கிறவன். போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலாப்பழம் வாங்கலாம் என்று போனவனை மாமா பஞ்சாயத்துக்கு உட்கார வைத்துவிட்டார்.

பிரச்சினை இதுதான். மூட்டையை வாங்கும் முன்னால் சில கொட்டைகளை வெட்டிப் பார்ப்பார்கள். கொட்டையைக் கட்டையின் மேல் வைத்து நீளவாட்டில் ஒரே வெட்டு. இரண்டாகப் பிளந்து விழும். பருப்பு வெளுத்து, ஓடு முழுக்க நிறைந்து இருந்தால் நல்ல கொட்டை. சுருங்கி, ஓரம் கறுத்து, நகத்தால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தால் சொத்தை. ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் விரலில் பட்டால் தோல் பொத்துப்போகும். அதனால் வெட்டுகிற ஆயா கை நிறையச் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவார்.

மாமாவின் முறை: "மூட்டைக்கு இருபது வெட்டு. மூணு சொத்தை இருந்தா மூட்டையைத் திருப்பி ஏத்து."

ஆயாவின் முறை: "இருபது எதுக்கு? ஒண்ணு ஒண்ணா வெட்டு. மொத சொத்தை எப்ப வருதுன்னு பாரு. சீக்கிரமே வந்துட்டா மூட்டை மோசம். அஞ்சு வெட்டியும் வரலைன்னா நல்ல மூட்டை."

வெட்டின கொட்டை அப்புறம் காசுக்கு ஆகாது. டெம்போ டிரைவர் வேறு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹாரன் அடிக்கிறார். அதனால் ஆயா சொல்வதில் அர்த்தம் இல்லாமலும் இல்லை. "நீ கணக்கு வாத்தியார்தானே மாப்ள, எது சரின்னு சொல்லு" என்றார் மாமா.

வகுப்பில் வருஷா வருஷம் நான் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போடுகிற இரண்டு பரவல்கள் அன்றைக்கு என் எதிரில் சாம்பல் கையோடு உட்கார்ந்திருந்தன. பரவல் என்றால், எந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டுகிற கணக்கு. மாமா சொல்வது ஈருறுப்புப் பரவல். ஆயா சொல்வது பெருக்குப் பரவல். பிள்ளைகள் குழம்புவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இரண்டுக்கும் அடிமண் ஒன்று. ஒவ்வொரு வெட்டிலும் இரண்டே முடிவு: நல்லது, சொத்தை. ஒவ்வொரு வெட்டிலும் சொத்தைக்கான வாய்ப்பு ஒரே அளவு. ஒரு வெட்டின் முடிவு அடுத்த வெட்டைப் பாதிக்காது. இப்படிப்பட்ட ஒரு வெட்டுக்குப் புத்தகத்தில் பெர்னோலி முயற்சி என்று பேர். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக்காரரான யாக்கோபு பெர்னோலி 1705-ல் இறந்தார். இந்தக் கணக்கெல்லாம் அடங்கிய அவருடைய புத்தகம் 1713-ல்தான் அச்சானது. மனிதர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

வித்தியாசம், கை எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. மாமாவின் கை இருபதில் நிற்கும். எத்தனை சொத்தை என்பதுதான் தெரியாது. ஆயாவின் கை முதல் சொத்தையில் நிற்கும். அது எத்தனையாவது வெட்டு என்பதுதான் தெரியாது. தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. கேள்வியில் "எத்தனை" வந்தால் ஈருறுப்பு, "எத்தனையாவது" வந்தால் பெருக்கு. என் டியூஷனில் பரீட்சைக்கு முந்தின நாள் நான் சொல்லி அனுப்புகிற ஒரே வாக்கியம் இதுதான். பெரும்பாலான கணக்குகளில் மாட்டிவிடாமல் காப்பாற்றியிருக்கிறது.

முதலில் மாமாவின் கணக்கு. இருபதில் இரண்டு சொத்தை வரும் வாய்ப்பு என்ன? இரண்டு சொத்தை, பதினெட்டு நல்லது. அந்தந்த வாய்ப்புகளைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த இரண்டும் எந்தெந்த இடத்தில் வந்தன? மூன்றாவதும் ஒன்பதாவதுமாக வந்திருக்கலாம், கடைசி இரண்டாகவும் இருந்திருக்கலாம். அத்தனை வழிகளையும் எண்ணிப் பெருக்க வேண்டும். பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். அதற்கு நான் யாப்பிலக்கணத்தைக் கூப்பிட்டுக்கொள்வேன்.

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான். அசை இரண்டு வகை, நேர், நிரை. ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். இதில் நிரை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தேமாவில் ஒன்றும் இல்லை. புளிமாவிலும் கூவிளத்திலும் ஒவ்வொன்று. கருவிளத்தில் இரண்டு. ஆக 1, 2, 1. மூவசைச் சீர் எட்டு. நிரையே இல்லாதது தேமாங்காய் மட்டும். ஒரு நிரை உள்ளவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என்று மூன்று. இரண்டு நிரை உள்ளவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி, அதுவும் மூன்று. மூன்றும் நிரையானால் கருவிளங்கனி. ஆக 1, 3, 3, 1. நேர் என்பதை நல்ல கொட்டை என்றும் நிரை என்பதைச் சொத்தை என்றும் மாற்றிப் படித்தால், மூன்று கொட்டை வெட்டும்போது ஒரே ஒரு சொத்தை வர மூன்று வழி என்பது புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. தமிழய்யா கணக்கு வாத்தியாருக்குச் செய்த உபகாரம் இது. இருபது கொட்டையில் இரண்டு சொத்தைக்கு 190 வழி. அத்தனைக்கும் வாய்பாடு வைத்துப் பேர் சூட்ட இலக்கணத்தால் ஆகாது. இருபதைப் பத்தொன்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் போதும்.

ஆயாவின் கணக்கில் இந்த எண்ணிக்கைத் தொந்தரவே கிடையாது. முதல் சொத்தை ஐந்தாவதாக வருவதற்கு ஒரே வழி: நாலு நல்லது, அப்புறம் ஒரு சொத்தை. வரிசை அதுவாகவே தீர்மானமாகிவிடுகிறது. ஒவ்வொரு படி தள்ளிப் போகும்போதும் "நல்லது" வாய்ப்பால் இன்னொரு தடவை பெருக்குகிறோம். பெருக்குத் தொடரில் பார்க்கிற அதே சரிவு. பெருக்குப் பரவல் என்ற பெயரும் அங்கிருந்துதான்.

சரி, எண்களுக்கு வருவோம். மாமாவிடம் கேட்டேன்: எவ்வளவு சொத்தை வரைக்கும் தாங்கும்? நூற்றுக்கு ஐந்து என்றால் லாபம்தான் என்றார். நூற்றுக்கு இருபது என்றால் கையைக் கடிக்கும். ஆகவே நல்ல மூட்டை என்றால் 5 சதவீதம், மோசமான மூட்டை என்றால் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம்.

மாமாவின் முறையில் நல்ல மூட்டை. சொத்தையே வராமல் இருக்க 0.95-ஐ இருபது தடவை பெருக்க வேண்டும்: 35.8 சதவீதம். ஒன்று வர 37.7. இரண்டு வர 18.9. மூன்றையும் கூட்டினால் 92.5 சதவீதம் தேறும். மீதி 7.5 சதவீதம் நல்ல மூட்டைகளை அநியாயமாகத் திருப்பி அனுப்புவோம். மோசமான மூட்டையில் இரண்டுக்குள் சொத்தை வர 20.6 சதவீதம். அந்த அளவுக்கு நம்மை ஏமாற்றி உள்ளே வந்துவிடும்.

ஆயாவின் முறையில் நல்ல மூட்டை. ஐந்து வெட்டுக்குள் சொத்தை வராமல் இருக்க 0.95-ஐ ஐந்து தடவை பெருக்கினால் 77.4 சதவீதம். அப்படியானால் 22.6 சதவீதம் நல்ல மூட்டைகள் திரும்பிப் போகும். மோசமான மூட்டையில் 0.8-ஐ ஐந்து தடவை பெருக்கினால் 32.8 சதவீதம், அவ்வளவும் தேறிவிடும்.

நல்ல மூட்டை 40 வந்து இறங்கினால் மாமாவின் முறையில் சராசரியாக 3 திரும்பும், ஆயாவின் முறையில் 9. மோசமான மூட்டை 40 வந்தால் மாமாவை 8 ஏமாற்றும், ஆயாவை 13. இரண்டு பக்கமும் ஆயாவுக்கு நஷ்டம். அவர் வெட்டுவது அதிகபட்சம் ஐந்து கொட்டை, மாமா வெட்டுவது இருபது. மிச்சப்பட்ட பதினைந்து கொட்டையின் விலை இப்படித் தலையில் விடிகிறது.

"அப்ப அஞ்சுக்குப் பதிலா பத்துன்னு வச்சிக்கலாம்" என்றார் ஆயா, விடாமல். வைத்துப் பார்த்தேன். மோசமான மூட்டை 89 சதவீதம் மாட்டுகிறது, நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நல்ல மூட்டையிலேயே 40 சதவீதம் திரும்பிப் போகும். கொண்டுவந்த விவசாயி அடுத்த சீசனில் இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே மாட்டார்.

ஆயாவின் முறை ஏன் இப்படி ஆடுகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெருக்குப் பரவலின் குணமே இதில்தான் இருக்கிறது.

நல்ல மூட்டையில் முதல் சொத்தை சராசரியாக இருபதாவது வெட்டில் வரும், ஒன்றை 0.05-ஆல் வகுத்தால் 20. மோசமான மூட்டையில் ஐந்தாவதில். கேட்க நன்றாக இருக்கிறது, 20-க்கும் 5-க்கும் இடைவெளி பெரிது. ஆனால் நல்ல மூட்டையில் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றிச் சிதறுகிற அளவு, 19.5. சராசரியே 20 என்னும்போது சிதறலும் ஏறக்குறைய 20. பெருக்குப் பரவலில் சொத்தை வாய்ப்பு சிறியதாக இருந்தால் எப்போதும் இப்படித்தான், சராசரியும் சிதறலும் கிட்டத்தட்ட ஒன்றாக ஓடும். "சராசரி இருபது" என்பதை வைத்து அடுத்த மூட்டையில் இருபதாவது வெட்டுக்குக் காத்திருந்தால் ஏமாந்துபோவோம். பாதிக்குப் பாதி மூட்டைகளில் பதினாலு வெட்டுக்குள்ளேயே வந்துவிடும். இன்னொரு பக்கம் நூற்றுக்கு நாலைந்து மூட்டைகளில் அறுபது வெட்டியும் வராது. மேலே வரம்பே கிடையாது. மாமாவின் எண்ணிக்கை 0-க்கும் 20-க்கும் நடுவில் கட்டிப்போட்டிருக்கும். ஆயாவின் எண்ணிக்கைக்குக் கயிறு இல்லை.

இன்னொன்று பிள்ளைகள் யாரும் முதலில் நம்புவதில்லை. முதல் சொத்தை எத்தனையாவது வெட்டில் வர அதிக வாய்ப்பு? சராசரி இருபது என்பதால் இருபதாவது என்பார்கள். இல்லை, முதலாவது வெட்டு. எப்போதுமே முதலாவதுதான். முதல் வெட்டில் வர 5 சதவீதம். இரண்டாவதில் வர, முதலாவது நல்லதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்வதால் 4.75. மூன்றாவதில் இன்னும் குறைவு. படி இறங்கிக்கொண்டேதான் போகும். முதல் கொட்டையே சொத்தை என்று மூட்டையைத் திட்டுகிறவர்களுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் வாயை அடக்குவார்கள். ஈருறுப்புப் பரவல் இப்படி இல்லை. மோசமான மூட்டையில் எடுத்த இருபதில் சராசரி நாலு, அதிக வாய்ப்பு உள்ள எண்ணும் நாலு. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு.

தாயம் ஆடினவர்களுக்கு இதெல்லாம் கைக்குத் தெரியும், வாய்க்குத்தான் வராது. இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. ஒன்றில் ஒற்றையும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். பதினாறு வழியில் இரண்டு வழி, அதாவது எட்டில் ஒன்று. தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு தடவை உருட்டினால் ஒன்றாவது விழுந்துவிடும் என்று நினைப்போம். கணக்குப் போட்டால் எட்டு தடவையும் விழாமல் போக 34 சதவீதம். சித்தி வீட்டுத் திண்ணையில் மூன்றில் ஒரு பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான், கட்டையில் பில்லி சூனியம் எதுவும் இல்லை. இருபது தடவை போட்டும் விழாமல் இருக்க 7 சதவீதம் இருக்கிறது.

"இத்தனை தடவை விழலை, இப்ப கண்டிப்பா விழும்" என்பது அந்தத் திண்ணையின் இன்னொரு வசனம். கொட்டகையிலும் அதே வசனத்தைக் கேட்டேன். பன்னிரண்டு வெட்டு நல்லதாக வந்த ஒரு மூட்டையைப் பார்த்து மாமாவின் பையன், "அடுத்தது சொத்தையாத்தான் இருக்கும் பாரு" என்றான். கொட்டைக்கு அது தெரியாது. பன்னிரண்டு நல்லதாகப் போனபிறகு இன்னும் ஐந்து நல்லதாகப் போக வாய்ப்பு 77.4 சதவீதம், முதலிலிருந்தே ஐந்து நல்லதாகப் போக இருந்த அதே எண். பெருக்குப் பரவலுக்கு நினைவு கிடையாது. ஒன்று, இரண்டு என்று முழு எண்களில் போகிற பரவல்களில் இந்தக் குணம் இது ஒன்றுக்கு மட்டும்தான் உண்டு. ஒரு சின்ன எச்சரிக்கை: மூட்டையின் சொத்தை அளவு நமக்கு முன்பே தெரியும் என்றால்தான் இது. தெரியாதபோது பன்னிரண்டு நல்ல கொட்டை, "இது நல்ல மூட்டையாக இருக்கலாம்" என்று சொல்கிறது. அப்படிப் பார்த்தாலும் பையன் சொன்னதற்கு நேர் எதிர்ப் பக்கம்தான் தராசு சாய்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஆயா சும்மா இருக்கவில்லை. "நான் பருப்புக் கம்பெனியில இருந்தப்ப இப்படித்தான் பாத்தோம். ஒருநாளும் தப்பு வந்ததில்ல" என்றார். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பில் ஓட்டுத் துண்டு கிடக்கிறதா என்று கைநிறைய அள்ளி அள்ளிப் பார்ப்பார்களாம். ஒன்று கண்ணில் பட்டாலும் பெட்டி முழுவதும் மறுபடி பொறுக்க வேண்டும்.

அப்படியானால் ஆயா சொன்னது அங்கே சரியே. ஒழுங்காகப் பொறுக்கின பெட்டியில் ஒரு அள்ளலில் ஓட்டுத் துண்டு வர நூற்றுக்கு அரை, பொறுக்காத பெட்டியில் நூற்றுக்கு முப்பது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து அள்ளலுக்குள் ஒன்று வந்தால் திருப்பு என்பது விதி. நல்ல பெட்டி திரும்ப 2.5 சதவீதம்தான். மோசமான பெட்டி 83 சதவீதம் மாட்டும். ஐந்தே அள்ளலில் இந்த அளவுக்குத் தெளிவு கிடைத்தால் வேறென்ன வேண்டும்? நல்லதில் தப்பு அபூர்வமாகவும் கெட்டதில் ஏராளமாகவும் இருக்கிற இடத்தில் முதல் தப்பே போதுமான சாட்சி. கொட்டை மூட்டையில் அப்படி இல்லை. நல்ல மூட்டையிலும் சொத்தை இருக்கும், இருந்தே தீரும். அங்கே ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அப்புறம் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று நான் சொன்னேன், இரண்டு பேருக்கும் கொஞ்சம் பிடித்தது. மாமாவின் விதியில் மூன்று சொத்தை வந்தால் மூட்டை திரும்பும். சரி, மூன்றாவது சொத்தை பதினொன்றாவது வெட்டிலேயே வந்துவிட்டால் மிச்சம் ஒன்பதை எதற்கு வெட்டுவது? முடிவு மாறப்போவதில்லை. கத்தியைக் கீழே வைத்துவிடலாம். தீர்ப்பு அட்சரம் பிசகாமல் மாமாவின் தீர்ப்பே, அந்த 7.5, 20.6 எல்லாம் அப்படியே இருக்கும். வெட்டு மட்டும் குறையும். மோசமான மூட்டையில் இருபதுக்குப் பதிலாகச் சராசரியாகப் பதினாலுக்குள் வேலை முடியும். நல்ல மூட்டையில் பெரிய மிச்சம் இல்லை, பெரும்பாலும் இருபதையும் வெட்டித்தான் ஆக வேண்டும். நல்ல மூட்டைக்குக் கொடுக்கிற மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது சொத்தை எத்தனையாவது வெட்டில் என்று கேட்கும் இந்தப் பரவலுக்கு எதிர்மறை ஈருறுப்புப் பரவல் என்று பேர். பெருக்குப் பரவலை மூன்று தடவை வரிசையாக ஓட்டினால் அது கிடைக்கும். பேரைக் கேட்டு மாமா முகம் சுளித்தார். பேரை விட்டுவிடுங்கள் என்றேன்.

இதெல்லாம் கொட்டைகள் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாமல் இருந்தால் மட்டுமே செல்லும். மூட்டையின் அடியில் ஒரு மூலை நனைந்திருந்தால் அங்கே உள்ள கொட்டைகள் கூட்டமாகக் கெட்டிருக்கும். மேலாக ஒரே இடத்தில் கைவிட்டு இருபது எடுத்தால் ஈருறுப்பும் பொய், பெருக்கும் பொய். அரிசி மூட்டையில் குத்தூசியைச் செருகி நடுவிலிருந்து எடுக்கலாம். முந்திரிக் கொட்டை அதில் ஏறாது. மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, மேல், நடு, அடி என்று பிரித்து எடுப்பதுதான் வழி. சலிப்பான வேலை. ஆனால் எந்தப் பரவல் என்று சண்டை போடுவதைவிட இது பத்து மடங்கு முக்கியம் என்று நான் நினைக்கிறேன். வெட்டின கொட்டை திரும்ப மூட்டைக்குள் போவதில்லையே, வாய்ப்பு மாறாதா என்று ஒரு மாணவி பிற்பாடு கேட்டாள். மாறும், கண்ணுக்குத் தெரியாத அளவில். மூட்டையில் ஆயிரக்கணக்கான கொட்டை, அதில் இருபது போனால் போகட்டும். ஐம்பது கொட்டை உள்ள பையில் இருபது வெட்டினால்தான் வேறு கணக்குத் தேவை.

இரண்டு பரவலும் கைகுலுக்கிக்கொள்கிற ஓர் இடம் உண்டு. "இருபது வெட்டில் ஒரு சொத்தையும் இல்லை" என்பதும் "முதல் சொத்தை இருபதுக்கு அப்பால்தான்" என்பதும் ஒரே நிகழ்ச்சி. இரண்டுக்கும் விடை 0.95-ஐ இருபது தடவை பெருக்குவதுதான். கேள்வி "குறைந்தது ஒன்றாவது வருமா" என்று இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்.

கடலூர்க்காரர்களுக்கு இது கொட்டையோடு முடிகிற விஷயம் இல்லை. கெடிலம் ஓரமாகவோ பெண்ணையாற்றுப் பக்கமோ மனை பார்க்கிறவர்களிடம், "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்தான் இந்த அளவுக்கு ஏறும்" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம், ஒவ்வொரு வருஷமும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பது மட்டும்தான். அடுத்தது நூறு வருஷம் கழித்து என்று அதில் எங்கேயும் இல்லை. பெருக்குப் பரவலில் சராசரிக் காத்திருப்பு நூறு வருஷம். ஆனால் 69 வருஷத்துக்குள்ளேயே வந்துவிடப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருபது வருஷ வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கு வேண்டிய கேள்வி வேறு: கடன் அடைவதற்குள் ஒரு தடவையாவது வருமா? 0.99-ஐ இருபது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 18 சதவீதம். ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் கம்மி. இந்த எண்ணைக் கேட்டபிறகும் மனை வாங்கலாம், அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்டலாம், இன்சூரன்ஸ் போடலாம். நூறு என்ற எண்ணைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுதான் தப்பு.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மாமாவின் சொந்தத் தோப்பும் அதில் போனது. "இனி நம்ம காலத்துல இப்படி வராது" என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அடுத்த சில நாளில் பெண்ணையாறு ஊருக்குள் வந்தது. கடலும் கொட்டை மாதிரிதான், போன தடவை வந்ததைக் கணக்கில் வைத்துக்கொண்டு நமக்குத் தவணை கொடுப்பதில்லை. புயலில் வருஷத்துக்கு வருஷம் வாய்ப்பு ஒரே அளவாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதை முந்திரிக் கணக்கால் தீர்க்க நான் முயலப்போவதில்லை.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்செல்லில் ஈருறுப்புக்கு பைனாம்.டிஸ்ட் இருக்கிறது, பெருக்குப் பரவலுக்குத் தனியாக எதுவும் இல்லை, நெக்பைனாம்.டிஸ்ட் என்பதில் எத்தனை சொத்தை என்ற இடத்தில் ஒன்று என்று கொடுத்து வாங்க வேண்டும். அது சொத்தைக்கு முன்னால் வந்த நல்ல கொட்டைகளை மட்டும் எண்ணும், சொத்தையைச் சேர்க்காது. ஆர் மென்பொருளும் அப்படியே. பைத்தானின் சைபை, சொத்தையையும் சேர்த்து வெட்டுகளை எண்ணும். ஒன்றில் சராசரி 19, மற்றதில் 20 என்று வந்தால் பதற வேண்டாம், இரண்டும் சரி. என் மாணவன் ஒருவன் இந்த ஒரு எண் வித்தியாசத்தைத் தேடி ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தான்.

அடுத்த வாரம் மறுபடி கொட்டகைக்குப் போனேன். தார்ப்பாயில் மூட்டையைக் கொட்டிக் கிளறியிருந்தார்கள். ஆயா வெட்டிக்கொண்டிருந்தார். நாலாவது சொத்தை, ஏழாவது சொத்தை, பன்னிரண்டாவதும் சொத்தை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சாம்பல் கையைத் தட்டிக்கொண்டார். மாமா அந்த மூட்டையைப் பார்த்தார், ஏற்றிக்கொண்டு வந்தவரின் முகத்தைப் பார்த்தார்.

"மிச்சம் எட்டையும் வெட்டிடு ஆயா" என்றார். "நமக்காக இல்ல. அவரு பாக்கணும்."